இன்சுலினுக்குப் பக்கத்தில் வைத்த குப்பி

எனக்கு வந்தது டெங்கு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமும் தொலைபேசியில் கேட்டவர்களிடமும் டெங்கு என்றுதான் சொன்னோம். வெள்ளவத்தையில் மழைக்குப் பிறகு காய்ச்சல் என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொண்டுவந்த பக்கத்து பிளாட் பெண்ணிடமும் அதையே சொன்னேன். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்குக் கூச்சம். படிப்பும் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. ஆனால் பத்தொன்பது வருடமாக மற்றவர்களின் விபரங்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். என் விபரத்தையும் ஒருமுறை சரியாக எழுதிவிடலாம்.

காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், முதலாம் மாடியில், ஒரு திருமண சேவை அலுவலகம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்துகிறார். எல்லோரையும் போல நானும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். சாதகங்களைப் பதிவது, பைல் அடுக்குவது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது என் வேலை. கணினி ஒன்று இருக்கிறது. ஆனாலும் ரீச்சர் என்னைத்தான் கேட்பார்.

"மனோ, அந்த உரும்பிராய்ப் பெடியன், தாய் இல்லை, தமக்கை சுவிசிலை. எந்தப் பைல்?"

"அறுபத்திரண்டு, ரீச்சர்."

இது ஒன்றுதான் எனக்கு இருந்த கெட்டித்தனம். எங்கள் விண்ணப்பத்தில் 'பரம்பரை வியாதி ஏதும் உண்டா' என்று ஒரு கேள்வி இருக்கும். எல்லோரும் இல்லை என்றே நிரப்புவார்கள். பிறகு வேறு வழியாக எங்களுக்குத் தெரியவரும். வலிப்பு, மனக்குழப்பம், வயதான காலத்து மறதி. அப்படியென்றால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பேன். அந்தப் பைல் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் நகரும். அந்தப் புள்ளிகள் எல்லாம் என் கை வைத்தவை.

போன வருடம் எனக்கே மறதி வந்தது. முதலில் கதவுத் திறப்பை வைத்த இடம். பிறகு சாமான்களின் பெயர். பிறகு கோயில் விஷயம்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில்தான். தற்செயலாகச் சந்தித்த மாதிரி இரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் வீதி சுற்றும். பிடிக்காவிட்டாலும் யாருக்கும் வெட்கம் இல்லை. ஒரே பெண்ணுக்கு, ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே ஐந்து மணிக்கு, இரண்டு மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் நேரம் கொடுத்துவிட்டேன். ஒருவர் பிள்ளையாருக்கு முன்னால், மற்றவர் வைரவருக்கு முன்னால். போதாததற்கு இரண்டு தாய்மாரும் ஒன்றாகப் படித்தவர்கள்.

"எணேய், நீயும் உந்தப் பிள்ளையைப் பாக்கவோ வந்தனீ?" என்று ஒருவர் கேட்க, மற்றவருக்கு முகம் கறுத்துப் போனதாம். பெண்ணின் தகப்பன் அன்று மாலையே தொலைபேசியில் சத்தம் போட்டார்.

ரீச்சர் ஏசவில்லை. "மனோ, நீர் ரெண்டு நாள் வீட்டிலை நில்லும்" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வேலை போய்விடும் என்பதை விட, நான் நானாக இல்லாமல் போய்விடுவேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. அப்போதுதான் என் மகள் துஷிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு மாப்பிள்ளை இடம் சரிவந்துகொண்டிருந்தது. தாய்க்கு மறதி என்று வெளியில் போனால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தர ஆள் தேவையில்லை.

ரொரன்ரோவில் இருக்கும் தம்பி ரவியிடம் மட்டும் சொன்னேன். அவன் கணினி வேலை செய்கிறவன்.

"அக்கா, இதுக்கேன் அழுறாய்? நான் ஒரு ஊசி போடுறனான். பெப்டைட். மூளைக்கு நல்லம். அங்கை ஒரு கலியாணத்துக்கு வாற ஆக்களிட்டைக் குடுத்து விடுறன்."

சொக்லட் டப்பாவுக்குள், ஒரு பிள்ளையின் காலுறைக்குள் சுற்றி, ஆறு குட்டிக் குப்பிகள் வந்தன. அடியில் வெள்ளைத் தூள். 'ஆராய்ச்சித் தேவைக்கு மட்டும், மனிதப் பாவனைக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. அவ்வளவு ஆங்கிலம் எனக்கும் வாசிக்கத் தெரியும். கேட்டேன்.

"அது சட்டத்துக்காக ஒட்டுறது அக்கா. எல்லாருக்கும் தெரியும்" என்றான்.

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரன் கையால் வந்தது. அதுவே எனக்கு ஒரு டொக்டரின் கையெழுத்து மாதிரி இருந்தது.

இனி என் பிழைக்கு வருகிறேன். என் கணவருக்கு நீரிழிவு. பதினொரு வருடமாக எங்கள் வீட்டில் இன்சுலின் இருக்கிறது. குப்பியைப் பிரிஜில் வைப்பது, பஞ்சால் துடைப்பது, உள்ளே காற்றை ஏற்றி மருந்தை இழுப்பது எல்லாம் எனக்குக் கைவந்த வேலை. அதனால் ஊசி மருந்து என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தூளைக் கரைக்க, கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்த்த ஒரு தனித் தண்ணீர் வேண்டும் என்று தம்பி குரல் செய்தி அனுப்பியிருந்தான். மருந்துக் கடையில் கேட்டேன், இல்லை என்றார்கள். சாதாரண ஊசித் தண்ணீர் வாங்கிக் கரைத்தேன். அந்தத் தண்ணீரில் தடுப்புப் பொருள் எதுவும் கிடையாது, திறந்தால் அன்றைக்கே முடிக்க வேண்டும். நானோ, இன்சுலின் ஒரு மாதம் இருக்கிறதுதானே என்று இதையும் மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், வைத்திருந்தேன். கரண்ட் போன நாட்களும் அதற்குள் அடங்கும். எங்கள் வீட்டில் ஒரு ஊசியை நாலைந்து தரம் பாவிப்பது வழக்கம். அதையும் அப்படியே செய்தேன். கரைத்த குப்பியை அவருடைய இன்சுலினுக்குப் பக்கத்தில், பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் கை தவறி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவர் வேலைக்குப் போன பிறகு, குளிக்கும் முன், தொடையில் போடுவேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் நன்றாக இருந்தது. காலையில் தலை பாரமில்லை. பழைய தொலைபேசி இலக்கங்கள் தானாக வந்தன. ரீச்சர் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொன்னேன். "பழைய மனோ வந்திட்டா" என்றார். மருந்து செய்ததா, மருந்து போடுகிறேன் என்ற தைரியம் செய்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஒரு ஆசை வரும். அதை மறைத்து எழுதினால் வாசிக்கிறவர்கள் என்னை நம்பக் கூடாது.

நாலாம் கிழமை நடுக்கத்தோடு காய்ச்சல். மூன்று போர்வைக்குள்ளும் பல்லுக் கிட்டியது. வலது தொடையில் தேசிக்காய் அளவில் உருண்டையாக ஒரு கட்டி, தொட்டால் சுட்டது. இரத்தம் சோதித்தார்கள். இரத்தம் உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்குவில் அவைதான் குறையும். டெங்குவாக இருக்கலாம் என்று அரசாங்க ஆஸ்பத்திரி வார்ட்டில் சேர்த்தார்கள்.

அங்கே இருந்த சின்ன டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. வவுனியாவில் வேலை செய்து தமிழ் பழகியவர். முதல் நாளே கேட்டார்.

"அம்மா, வேற மருந்து ஏதும் பாவிக்கிறதா?"

"இல்லை மிஸ்."

ஹவுஸ்கோட்டைக் கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டேன். கட்டியை யாருக்கும் காட்டவில்லை. மாப்பிள்ளையின் சொந்தக்காரி ஒருத்தி அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவர்களின் பைலை எழுதியதும் நான்தானே.

ஆஸ்பத்திரி நாட்களில் நேரம் வேறு மாதிரி ஓடும். காலையில் இரத்தம், மத்தியானம் இரத்தம், மூத்திரத்தை அளந்து தாளில் எழுது, குடித்த தண்ணீரை அளந்து எழுது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மருதானைச் சிங்கள அம்மா, நான் எழுத மறந்தால் "அக்கே, லியன்ன, லியன்ன" என்று கையைத் தட்டி எழுதச் சொல்வார். என் மறதிக்கு அவர் காவல். வீட்டில் ஒரு கோப்பை கழுவாத என் கணவர், நீரிழிவுச் சாப்பாட்டுக்காக வாங்கிய அளவுக் கிண்ணத்தால் அரிசி அளந்து கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். தலைமயிரை இழுத்துக் கட்ட முடியாமல் கிடந்தபோது அவரே சீப்பை எடுத்தார். முப்பது வருடத்தில் முதல் தரம். நடு உச்சி கோணலாகத்தான் வந்தது.

"இஞ்சாரும், உம்மடை முகம் என்னவோ ஒளிக்கிற முகமாக் கிடக்கு" என்றார்.

"காய்ச்சல் முகமப்பா" என்றேன்.

நாலாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. சோதனையிலும் டெங்கு இல்லை என்று வந்தது. இரத்தத்தை ஒரு போத்தலுக்குள் விட்டுச் சூடாக வைத்து, கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை வளர்ப்புச் சோதனை என்கிறார்கள். என்னுடையதில் முளைத்துவிட்டது. தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமிதான், ஆனால் இரத்தத்துக்குள் போனால் பொல்லாதது என்றார்கள்.

"புண் இருக்கா? பல்லு புடுங்கினதா? ஊசி போட்டதா?" சின்ன டொக்டர் மறுபடியும் கேட்டார்.

"இல்லை."

கிருமி இதயத்தின் கதவுகளில் போய் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க இதய ஸ்கானுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் நடையோடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இனியும் ஒட்டலாம் என்றார்கள். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் நினைத்தது இதயத்தை இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு யார் போய் என்ன சொல்வார்கள் என்பதைத்தான்.

அடுத்த நாள் மாலை, பார்வையாளர் நேரம். மாப்பிள்ளையின் தாய் இராசமலர் அக்கா தோடம்பழத்தோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உரித்துக்கொண்டிருந்தார்.

"டெங்கு எண்டா இப்ப ஆருக்குத்தான் வரேல்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எழும்பி வாங்கோ, கலியாண எழுத்துக்கு நாள் பாப்பம்."

அப்போது சின்ன டொக்டர் கையில் ஒரு தாளோடு வந்தார். களைத்துப் போயிருந்தார். சுற்றிப் பார்க்காமலே தொடங்கினார்.

"அம்மா, நான் திரும்பவும் கேக்கிறது. இந்தக் கிருமி எங்கால வந்தது எண்டு தெரியாட்டி நாங்க மருந்து குடுத்தாலும் அது திரும்பத் திரும்ப இரத்தத்துக்க வரும். இதயத்துக்குப் போகும். அங்கயிருந்து மூளைக்கும் போகும்."

மூளை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. எதைக் காப்பாற்றவென்று இதையெல்லாம் செய்தேனோ அதைத்தான் கிருமிக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன். இராசமலர் அக்காவைப் பார்க்கவில்லை. ஹவுஸ்கோட்டை முழங்காலுக்கு மேலே இழுத்தேன்.

"ஊசி போட்டனான் மிஸ். வெளிநாட்டு மருந்து. மூண்டு கிழமையா. எனக்கு மறதி. மறதிக்குத்தான் போட்டனான்."

என் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. இராசமலர் அக்காவின் கை தோடம்பழத்தில் அப்படியே நின்றது. சின்ன டொக்டர் கட்டியைப் பார்த்து "அனே அம்மே" என்று மட்டும் தன் மொழியில் சொல்லிவிட்டு ஓடினார். உரித்த பாதியைத் தட்டில் வைத்து, "நான் வாறன் என்ன" என்று இராசமலர் அக்காவும் எழும்பிப் போனார்.

அன்றிரவுக்குள் கட்டியைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். மறுநாள் துஷி வந்தாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள். நான் அழுதேன்.

"அம்மா, நீங்கள் சொல்லாமல் செத்துப் போயிருந்தா ஆட்டைத் திவசம் முடியும் மட்டும் ஒரு வருசம் கலியாணம் நிண்டிருக்கும். இப்ப நிண்டா இண்டைக்கே வேறை பாக்கத் தொடங்கலாம். எது லாபம்?" என்றாள். பிறகு போய் யன்னலுக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

என் கணவர் மீதிக் குப்பிகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து பெரிய டொக்டரிடம் கொடுத்தார். பெரிய டொக்டர் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன். கட்டில் ஓரத்தில் வந்து இருந்தார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

புரதம் என்பது நீண்ட மணிமாலை என்றால், பெப்டைட் என்பது அதில் ஒரு சிறு துண்டு. உடம்பு தன் பாட்டில் பலவற்றைச் செய்துகொள்கிறது. இன்சுலினும் அந்த இனம்தான். "உங்கட ஹஸ்பண்டைப் பதினொரு வருசமா உயிரோட வச்சிருக்கிறதும் ஒரு பெப்டைட்தான். அதனால இது எல்லாம் பொய் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றார். மூளைக்கு உதவக்கூடியவற்றையும் ஆட்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஒருநாள் நல்லது வரலாம். ஆனால் இன்சுலினை எத்தனையோ பேரில் சோதித்து, எவ்வளவு, எப்படி, யாருக்குக் கூடாது என்றெல்லாம் கண்டுபிடித்த பிறகுதான் எங்கள் பிரிஜுக்கு வந்தது. இந்தக் குப்பிக்குள் ஒட்டியிருக்கிற பெயருள்ள மருந்துதான் இருக்கிறதா என்பதே அவருக்குத் தெரியாது. கிருமி தூளில் இருந்ததா, என் தண்ணீரில் இருந்ததா, பழைய ஊசியில் இருந்ததா என்றும் சொல்ல முடியாது. நீண்ட நாளைக்குப் போட்டால் மூளையில் என்ன செய்யும் என்று தெரியாது.

"மறதிக்கு ஆரிட்டயாவது காட்டினதா?"

"இல்லை டொக்டர்."

"ஒருத்தரிட்டயும்?"

"வெக்கமா இருந்தது."

இரத்தத்தில் இன்னும் இரண்டு சோதனை எழுதினார். தைரொயிட் சுரப்பி சோம்பிப்போய் இருந்தது. அதுவும் மறதியைக் கொடுக்குமாம். விடியற்காலையில் ஒரு சின்னக் குளிசை விழுங்கச் சொன்னார். மறதி முழுக்க அதனால்தானா என்று இப்போது சொல்ல முடியாது, நினைவாற்றல் கிளினிக்கில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று துண்டு எழுதித் தந்தார். பதினாலு நாள் நாளத்தில் மருந்து ஏற்றினார்கள். இரண்டு கையிலும் நாளம் தேடித் தேடி நீலமாகிப் போனது.

வார்ட்டிலிருந்தே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே அக்கா."

"எனக்கும் மூண்டு கிழமை ஒண்டும் நடக்கேல்லை, ரவி."

நிப்பாட்டுகிறேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துக் கேட்கிறேன். இனியும் கேட்பேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் துஷியின் பைலை எடுத்து, அவள் பெயருக்குப் பக்கத்தில் நானே பென்சிலால் புள்ளி வைத்தேன். ரீச்சர் கண்டார். "அதை அழியும் மனோ" என்றார். "மற்றதுகளையும் அழிக்கிறதெண்டா அழிக்கிறன் ரீச்சர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதை எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, ஒரு மத்தியானம், இராசமலர் அக்கா தனியாக எங்கள் பிளாட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. கலியாணம் வேண்டாம் என்று நேரில் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணி போட எழும்பினேன். கையைப் பிடித்து இருத்தினார்.

"அந்த மருந்திலை மிச்சம் இருக்கோ?"

எனக்கு விளங்கவில்லை.

"இவருக்கு. மறதி வந்து ரெண்டு வருசமாச்சு. காலைமை சேட்டுப் போட்டுக்கொண்டு கொச்சிக்கடைக்கு இறங்கிவிடுவார். ஹாபர் வேலையிலை பென்சன் எடுத்து எட்டு வருசம், ஹாபர் கேற்றிலை போய் பாஸ் கேட்டுக்கொண்டு நிக்கிறார். மகன் போய்க் கூட்டிக்கொண்டு வாறவன். உங்கடை படிவத்திலை நான் இல்லையெண்டுதான் நிரப்பினனான்." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "முதல் பத்து நாள் உங்களுக்கு நல்லா வேலை செய்ததாம் எண்டு ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிற எங்கடை ஆள் சொன்னவ. பத்து நாள் கிடைச்சாலும் காணும் எனக்கு."

அந்த ஆசை எனக்குத் தெரியும்.

"மிச்சம் இல்லை அக்கா. டொக்டரிட்டைக் குடுத்தாச்சு."

"தம்பியிட்டைச் சொல்லி எடுக்கேலாதோ?"

"எடுக்க ஏலும். எடுக்க மாட்டன்."

பெரியவர்களுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தரம். தொடையில் கீறிய இடத்தைக் காட்டினேன். விரல் போகும் அளவுக்கு ஒரு பள்ளம். அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

"எனக்குப் புதன்கிழமை கிளினிக்" என்றேன். "முதல் தரம் போறன். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்னத்தாலை மறதி எண்டாவது பாப்பினம்."

"அங்கை ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டா?"

"என்னைக் காணட்டும். நான் முன்னுக்கு இருக்கிறன்."

புதன்கிழமை ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். அக்காவின் கணவருக்கு நன்றாக அயர்ன் பண்ணிய சேட், பொக்கெற்றில் பேனை. முன்வரிசை வாங்கில் எனக்கும் இராசமலர் அக்காவுக்கும் நடுவில் இருந்தார். கலியாணக் கதையை அன்றைக்கு யாரும் எடுக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. அதில் இரண்டு முகம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த முகங்கள். என்னைக் கண்டு குனிந்துகொண்டார்கள்.

சிறிது நேரத்தில் அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை ஆர்? இஞ்சை என்னத்துக்கு வந்தனீர்?"

"மனோன்மணி. வெள்ளவத்தை. மறதிக்குக் காட்ட வந்தனான், ஐயா."

தலையை ஆட்டினார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் அதே மரியாதையோடு கேட்டார். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் கேட்டபோது எனக்குக் கூச்சம் விட்டுப் போயிருந்தது. பின்வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன்.